வேகத்தில் கொதிக்கும் படகு

கேள்வி: மின்னசோட்டா ஏரியொன்றில் ஓடும் என் பழைய நீர்ச்சறுக்குப் படகின் இஞ்சின், மெதுவாய்ப் போகையில் சாதுவாயிருந்து, வேகமெடுத்ததும் கொதிப்பதேன்?

பதில்: ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் இவ்வகை இஞ்சினில், வேகத்தோடு உஷ்ணமும் ஏறுகிறதென்றால், தண்ணீர் வரத்தையே பிரதானமாகச் சந்தேகிப்பது நியாயம். ஆகவே, தெர்மாஸ்டாட்டை மாற்றுமுன் (எல்லோரும் முதலில் அந்த அப்பாவியைத்தான் தண்டிக்கிறார்கள்), பம்பைத் திறந்து ரப்பர் இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று ஒடிந்திருந்தால், புதியதைப் பொருத்தியதோடு திருப்தியடையாமல், ஒடிந்த துண்டு மேற்கொண்டு பிரயாணம் செய்து தெர்மாஸ்டாட் கூட்டிலோ குழாய் வளைவிலோ அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று தேடிப் பிடித்தாக வேண்டும். இதழ்கள் பூரணமாயிருப்பின், பம்புக்கு முன்னாலுள்ள கியர்பெட்டி ஆயில் கூலரின் வாயில் பாசி சேர்ந்திருக்கலாம். அல்லது, உள்ளே நைந்துபோன பழைய உறிஞ்சு குழாய், வேகத்தின் இழுப்பில் ஒட்டிக்கொள்ளலாம்.