கணிப்பொறியின் சிலேட்டு

சிலேட்டில் கணக்குப் போடும் சிறுமி, விடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதியதும் சிலேட்டைத் துடைத்துவிடுகிறாள். துடைக்காவிட்டால் அடுத்த கணக்குக்கு இடம் ஏது? கணிப்பொறிக்கும் இத்தகைய சிலேட்டு ஒன்று உண்டு. அதுவே தற்காலிக நினைவகம்.

நிரல் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பலருக்கும் பயன்படும் நிரல்களைத் தொகுத்து வைப்பர். இத்தொகுப்பே நிரல் நூலகம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய ‘சி’ மொழியின் நூலகத்தில், ‘மாலாக்’ என்னும் ஆணை நினைவகத்தில் இடம் கேட்கும். ‘ஃப்ரீ’ என்னும் ஆணை அதைத் திருப்பித் தரும். திருப்பித் தர மறந்தால் அவ்விடம் எவருக்கும் பயன்படாது கிடக்கும். இதனை நினைவகக் கசிவு என்பர். திருப்பித் தந்த பின்னும் அங்கே எழுதினால், பிறர் எழுதியது அழிந்துபோகும்.

இத்தொல்லையைக் குறைக்கும் வழிகள் மூன்றைக் காண்போம்.

1. ஒரு சிறு நிரல் முடிந்ததும் அதன் இடம் தானே விடுபடும் அடுக்கு முறை.

2. பெரிய இடம் ஒன்றைப் பெற்று, அதிலிருந்து சிறுகச் சிறுக எடுத்து, வேலை முடிந்ததும் முழுவதையும் ஒருசேர விடுவித்தல்.

3. பயனற்ற இடங்களைக் கணிப்பொறியே தேடி மீட்டல். ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக 1959-இல் இதனை வகுத்தார்.

ஆயினும் எம்முறையைக் கையாண்டாலும் அளவு தேவை என்பதை ‘ஸ்பிரிட்’ ஊர்தி உணர்த்தியது. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய அவ்வூர்தி, சில வாரங்களிலேயே ஒழுங்காகப் பேச மறுத்தது. காரணம் யாது? அதன் ஃப்ளாஷ் நினைவகத்தில் கோப்புகள் மிகுந்துவிட்டன. கோப்புகளைக் கவனிக்கும் நிரல் நூலகம், அவற்றின் பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்தது. கோப்புகளை அழித்த பின்னும் பட்டியல் சுருங்கவில்லை. பட்டியல் கேட்ட இடம் கிடைக்காதபோது கணிப்பொறி தன்னைத்தானே மீண்டும் தொடங்கியது. தொடங்கியதும் அதே பட்டியலைப் படிக்க முயன்றது; மீண்டும் அதே கதி. இரவிலும் உறங்காததால் மின்கலத்தின் ஆற்றலும் குறைந்தது.

பூமியிலிருந்த பொறியாளர்கள், ஃப்ளாஷ் நினைவகத்தைத் தொடாமலே தொடங்குமாறு கட்டளை அனுப்பினர். ஊர்தி அடங்கியது. பின்னர் தேவையற்ற கோப்புகளை நீக்கி, ஃப்ளாஷ் நினைவகத்தைப் புதிதாக ஒழுங்குசெய்தனர். 90 செவ்வாய் நாட்களுக்கென அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010 மார்ச் வரை பூமியுடன் பேசியது.

ஆகவே, நிரல் எழுதப் பயிலும் தோழியரே! வேண்டிய அளவே கேளுங்கள். வேலை முடிந்ததும் மறவாமல் திருப்பித் தாருங்கள். கேட்ட இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே எழுதி வையுங்கள். இம்மூன்றாவது பாடத்தைத்தான் செவ்வாய் ஊர்தி நமக்குக் கற்பித்தது.