போகமும் உபபோகமும்: யாழ்ப்பாணத்தில் விளங்கிய பாடம்

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்கள் மூன்றெனச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துள்ளார். திசைக்கு எல்லை வகுத்தல், பயனற்ற தீங்கினை விலக்கல், போக உபபோகங்களை அளவுபடுத்தல் என்பன அவை. ஒருமுறை துய்த்ததும் தீர்ந்துபோகும் உணவு, மலர் போல்வன போகம்; மீண்டும் மீண்டும் துய்க்கப்படும் ஆடை, அணி, படுக்கை போல்வன உபபோகம். இவ்விலக்கணத்தை நம் வீட்டுக் குழந்தைகட்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறோம். அதன் பொருள் நமக்கே விளங்கியது 2023 சனவரியில்தான்.

1995 அக்டோபர் 30 அன்று யாழ் நகர மக்கள் ஒருசேர வெளியேறியபோது அவர்களுள் ஒருவராய்ப் புறப்பட்டு, பின்னர் சில ஆண்டுகள் பாலவாக்கத்தில் நமக்கு அண்டை வீட்டாராய் வாழ்ந்த தோழியார் ஒருவர், போர் முடிந்தபின் ஊர் திரும்பினார். சென்னைக்கும் பலாலிக்கும் இடையே வானூர்தி 2022 டிசம்பரில் மீண்டும் பறக்கத் தொடங்கவே, அவரைக் காணச் சென்றோம்.

அந்நாளில் இலங்கையில் நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. முந்தைய ஆண்டு மார்ச்சு இறுதியில் அது 13 மணி நேரம் வரை சென்றதாம். சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற கதைகளை அவர் சொன்னார். விளக்கணையும் முன்பே நாம் உண்டு முடித்துவிடுவதைக் கண்டு, "உங்கட சமயம் மின்வெட்டுக்கெண்டே செய்தது போல கிடக்கு, அக்கா" என்று சிரித்தார். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மண்ணில், நமக்காக வெங்காயமின்றிச் சமைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மின்சாரம் நின்றால் நீரேற்றும் பொறியும் நிற்கும். ஆகவே காலையிலேயே வாளிகளை நிரப்பி வைப்பார். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு அது. சுண்ணாம்புப் பாறையில் தங்கும் மழைநீரே கிணற்று நீர். அளவின்றி இறைத்தால் உவர் ஏறிவிடும். நம் பாலவாக்கத்து மணற்கிணறுகளின் நிலையும் இதுவே. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்ததை, குழாயில் நீர் வந்ததும் மறந்துவிட்டோம்.

1990-களின் முற்பகுதியில் மின்சாரமே இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் வார்த்துத் திரியேற்றி அவ்வொளியில் பிள்ளைகள் படித்தனர். மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இவற்றைக் கேட்டு மனமுருகி, "அளவோடு வாழும் விரதத்தை நீங்களன்றோ நோற்றிருக்கிறீர்கள்!" என்று கூறிவிட்டோம். தோழியாரின் முகம் மாறியது.

"அக்கா, எங்கட இல்லாமையை விரதம் எண்டு எழுதிப்போடாதேங்கோ. நாங்கள் விரும்பி விடேல்லை."

நாம் நாணினோம். நூல் சொல்வதும் அதுவே: உள்ள பொருளைத் தானே விரும்பி விலக்குவதுதான் விரதம். பறிக்கப்பட்டவனை நோன்பி எனப் புகழ்வது அவன் துயரைச் சிறுமைப்படுத்துவதாகும். விரதம் நோற்கும் வாய்ப்பு இருந்தது நமக்குத்தான், நோற்காதவர்களும் நாமே.

ஊர் திரும்பிய அன்று ஆளில்லா அறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றெழுப்புதல், செடி கொடிகளைக் கிள்ளுதல் ஆகியவற்றைப் பிரமாதசரியை என்று ஆசாரியர் கடிந்தாரே, காற்றெழுப்புதல் எப்படிக் குற்றமாகும் என்று இளமையில் ஐயுற்றதுண்டு. அன்று ஐயம் தீர்ந்தது.

போக உபபோக அளவை வாழ்நாள் முழுதும் கொள்வது யமம். காலவரை குறித்துக் கொள்வது நியமம். ஒரு பகல், ஓர் இரவு, பக்கம், மாதம், இருதிங்கள், அயனம் என எளியோர்க்கும் இயலும் அளவுகளை நூல் தருகிறது. நாம் அவ்வாண்டுச் சாதுர்மாசம் முழுதுக்கும் குளிக்க நாளொன்றுக்கு ஒரு வாளி நீர் என நியமம் கொண்டோம்.

"வாளி எத்தனை லிட்டர், பாட்டி?" என்றான் பேரன். அளந்து பார்த்தோம், 18.