மாடிப்படியில் சிகரெட்: போர்டா, தனி இடமா, அபராதமா?

அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்களில் தண்ணீர் லாரிக்கும் பார்க்கிங்குக்கும் அடுத்தபடியாகக் குரல் உயர்வது சிகரெட் விஷயத்தில்தான். மூன்றாம் மாடிக்காரர் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று ஊதுகிறார், நான்காம் மாடிக் குழந்தை இருமுகிறது. கமிட்டி நான்கு வழிகளைப் பேசும்: போலீஸில் சொல்லலாம், போர்டு மாட்டலாம், புகைக்க ஓர் இடம் ஒதுக்கலாம், அபராதம் போடலாம். எதைத் தேர்ந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஊதிக்கொண்டிருப்பவரிடம் போய் “சார், இங்கே வேண்டாம்” என்று சொல்லப்போவது யார்?

“சட்டமே இருக்கிறதே” என்பார் யாராவது. இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கின்றன. அபராதம் 200 ரூபாய் வரை. ஆனால் அந்தச் சட்டம் பொது இடம் என்பது பொதுமக்கள் வந்துபோகும் இடம் என்கிறது. திறந்தவெளியை அதில் சேர்க்கவில்லை. கேட் போட்டு, வருகிறவரிடம் பெயர் எழுதி வாங்கும் வளாகத்தின் படிக்கட்டு பொது இடமா என்று வாதாட இடமுண்டு. மொட்டை மாடி திறந்தவெளி என்பதிலோ வாதமே இல்லை. இன்னொன்று, அந்த 200 ரூபாயை வசூலிக்க அதிகாரம் பெற்ற அலுவலர் வேண்டும். சங்கச் செயலாளர் அந்தப் பட்டியலில் இல்லை. லிஃப்ட், சங்க அலுவலகம், விழா ஹால் போன்றவற்றுக்குச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கலாம். மற்றதற்கு அது ஒரு பின்பலம், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் பொது நடைபாதை, படிக்கட்டு, திறந்த தரைத்தளம் எல்லாவற்றிலும் 2013 ஜனவரியிலிருந்து சட்டப்படியே தடை. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்து 200 வெள்ளி அபராதம் எழுதுவார், வழக்கு நீதிமன்றம் போனால் 1,000 வரை போகும். அங்கே சொல்வதற்கென்று ஆள் இருக்கிறார். நம் வளாகத்தில் அந்த ஆளை நாம்தான் தேட வேண்டும்.

போர்டு எளிது, மலிவு. மாட்டினால் விதிகள் சொல்கிறபடி 60-க்கு 30 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணியில் மாட்டுங்கள். ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து ஒட்டியது இரண்டாவது மழைக்குத் தாங்காது. விருந்தாளி, டெலிவரி பையன், பெயின்டர் போன்ற புதியவர்களுக்கு போர்டு போதும். அங்கேயே குடியிருக்கிறவர் மூன்றாம் நாளே அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். அதோடு, தடை செய்த இடத்தில் ஆஷ்ட்ரே வைக்கக் கூடாது என்பதும் விதிதான். படிக்கட்டு மூலையில் மணல் தொட்டியை வைத்துவிட்டு மேலே போர்டு மாட்டினால் மக்கள் தொட்டி சொல்வதைத்தான் கேட்பார்கள்.

போர்டுக்கு அடுத்து எல்லாக் கமிட்டியும் செய்வது, வேலையை வாட்ச்மேன் தலையில் கட்டுவது. நான்கு வழிகளையும் கெடுப்பது இந்த ஒன்றுதான். ஏஜென்சி மூலம் வந்த மனிதர். ஒரு ஃபிளாட் ஓனர் போன் போட்டுக் குறை சொன்னால் அடுத்த மாதம் வேறு ஆள் நிற்பார். அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? கார் டிரைவரிடமும் பிளம்பரிடமும் சொல்வார். ஆக, விதி வேலைக்காரர்களுக்கு மட்டும் என்றாகிவிடும். போதாததற்கு, அவரே ராத்திரியில் மோட்டார் ரூம் பக்கம் பீடி பற்ற வைக்கிறவராக இருக்கலாம். வாட்ச்மேனின் வேலை ரெஜிஸ்டரில் குறிப்பதோடு முடியட்டும்.

தனி இடம் ஒதுக்குவதைப் பலர் “புகைப்பவருக்குச் சலுகையா?” என்று எதிர்ப்பார்கள். ஆனால் அவர் ஏன் படிக்கட்டுக்கு வருகிறார் என்று யோசித்தால் இதன் அருமை தெரியும். நம் வீடுகளில் பலர் வெளியே வந்து புகைப்பது, உள்ளே மனைவியோ அம்மாவோ விடாததால்தான். சிலர் புகைப்பதே வீட்டுக்குத் தெரியாது. அவரிடம் “வீட்டுக்குள் போய்ப் பிடியுங்கள்” என்றால் இரண்டாம் மாடியை விட்டு ஐந்தாம் மாடிக்குப் போவார், அவ்வளவே.

இடத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். படிக்கட்டுக் கூண்டு புகைபோக்கி மாதிரி. சூடான காற்று மேலேறும்போது கீழே விட்ட புகை ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்க்கும். ஜன்னலைத் திறந்து வைப்பது தீர்வில்லை. காற்றோட்டத்தால் பிறர் விடும் புகையை முழுக்க நீக்க முடியாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கையே சொல்லிவிட்டது. அங்கே அரசு வீட்டு வளாகங்களில் 2018-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதி, கட்டடத்திலிருந்து 25 அடி தள்ளிப் போகச் சொல்கிறது. சென்னையில் இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், சுற்றிலும் சில அடி மட்டும் விட்டுக் கட்டிய எட்டு வீட்டு ஃபிளாட்டில் 25 அடிக்கு எங்கே போவது? அங்கே தனி இடம் என்ற பேச்சே வேண்டாம். கேட்டுக்கு உள்ளே எங்கும் கூடாது என்பதுதான் நடைமுறைக்கு ஆகும். தோட்டமும் கிளப் ஹவுஸுமாக விரிந்த பெரிய வளாகம் என்றால் இடம் கட்டாயம் ஒதுக்கலாம்: தரைத்தளப் படுக்கையறை ஜன்னல், குழந்தைகள் விளையாடும் இடம், ஜெனரேட்டர் டீசல், கேஸ் பேங்க், ஸ்டில்ட்டில் நெருக்கி நிறுத்திய பைக்குகள் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி. மணல் தொட்டி அங்கே இருக்கட்டும்.

அபராதத்துக்கு முன்வேலை அதிகம். பொதுக்குழுவில் முறைப்படி துணைவிதியைத் திருத்தாமல் நோட்டீஸ் போர்டில் “ரூ.500” என்று எழுதினால், கட்ட முடியாது என்று ஒருவர் சொன்ன அன்றே கதை முடிந்தது. வாடகைக்கு இருப்பவர் சங்க உறுப்பினரே அல்லர். அவர்மீது விதி செல்ல வேண்டுமானால் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். தொகை ஓனரின் மெயின்டனன்ஸ் பில்லில் ஏற வேண்டும். கட்டாதவருக்குத் தண்ணீரை நிறுத்துகிற வேலை மட்டும் வேண்டாம். அதற்கப்புறம் போலீஸுக்குப் போகிறவர் அவராக இருப்பார்.

நான் கமிட்டியில் இருந்தால் கூரைக்குக் கீழே முழுத் தடை, இடம் உள்ள வளாகத்தில் வெளியே ஒரு மூலை, அபராதம் கடைசியில் என்று வைப்பேன். முதல் முறை, மறுநாள் காலை, கமிட்டியில் வயதில் மூத்த ஒருவர் தனியாகப் பார்த்துச் சொல்லட்டும். புகைக்கிற உறுப்பினர் யாராவது போய், “வாங்க, அந்தப் பக்கம் போயிடலாம்” என்றால் இன்னும் நல்லது. இரண்டாம் முறை ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் கடிதம். மூன்றாவதுதான் பில். சிசிடிவி படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. படிக்கட்டில் மாட்டியவன் பத்தொன்பது வயதுப் பையன் என்றால், நாம் புகையை நிறுத்தப் போய் ஒரு வீட்டில் ரகளையைத் தொடங்கி வைத்திருப்போம்.

பால்கனி மட்டும் மிச்சம். அது அவரவர் வீடு; சிங்கப்பூரிலேயே ஜன்னல், பால்கனித் தடையை நாடாளுமன்றத்தில் கேட்டுப் பார்த்தார்கள், அரசு ஏற்கவில்லை. மேல்வீட்டு ஜன்னலுக்குப் புகை போகிறதென்றால் மேல்வீட்டுக்காரர் நேரில் போய், இரவில் எத்தனை மணிக்கு மேல் வேண்டாம் என்று பேசி வைத்துக்கொள்வதுதான் வழி. இதில் கமிட்டி தலையிட்டால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து கமிட்டியைத் திட்டுவார்கள்.