பாடி கட்டும் முன் ஒரு கணக்கு: உங்கள் லாரியின் எந்த அச்சில் எவ்வளவு எடை?

வங்கிக் கடன் கிடைத்துவிட்டது. தற்காலிகப் பதிவோடு சேசிஸும் வந்துவிட்டது. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ பாடி கட்டும் பட்டறை வாசலில் நிற்கிறீர்கள். மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அடி போடட்டுங்ணா?" பக்கத்தில் நிற்பவர் முந்திக்கொண்டு, "நல்லா நீளமாவே போட்டுடுங்க, லோடு கூட ஏத்தலாம்" என்பார்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒரு பதில் அடுத்த பல வருடங்களுக்கு உங்கள் டயர், பிரேக், அபராதம் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது. கையில் இருக்கும் போனின் கால்குலேட்டரே போதும். பத்து நிமிடம் ஒதுக்கினால், எத்தனை அடி பாடி சரி என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மொத்த எடை ஒன்று, அச்சு எடை வேறு

பெரும்பாலானோர் ஆர்சியில் உள்ள மொத்த எடையை மட்டும்தான் பார்க்கிறோம். "அதுக்குள்ளதான் இருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் சட்டம் இரண்டையும் பார்க்கிறது. வண்டியின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு அச்சும் தாங்கும் எடைக்கும் தனி வரம்பு உண்டு. ஓட்டுநர்கள் ஆக்சில் என்று சொல்வதைத்தான் இங்கே அச்சு என்கிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018 ஜூலையில் இந்த வரம்புகளை உயர்த்தியது. அதன்படி:

- இரண்டு டயர் உள்ள முன் அச்சு: 7 டன் (முன்பு 6 டன்)
- நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சு: 11.5 டன் (முன்பு 10.2 டன்)
- அடுத்தடுத்து அமைந்த இரட்டைப் பின் அச்சு: 21 டன் (முன்பு 19 டன்)

ஆறு டயர் லாரிக்கு 7-ஐயும் 11.5-ஐயும் கூட்டினால் 18.5 டன். இது பொதுவான உச்சவரம்பு. உங்கள் வண்டிக்கு எது என்பதை உங்கள் ஆர்சிதான் சொல்லும். அதில் குறைவான எண் இருந்தால் அந்த எண்ணே செல்லும்.

போனில் முதலில் பார்க்க வேண்டியவை

எம்பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் உங்கள் ஆர்சியைத் திறந்து, காலி எடை, மொத்த எடை, வீல்பேஸ் ஆகிய மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முன் அச்சின் நடுப்பகுதியிலிருந்து பின் அச்சின் நடுப்பகுதி வரை உள்ள தூரமே வீல்பேஸ். புது சேசிஸ் என்றால், பாடி இல்லாத நிலையில் முன் அச்சிலும் பின் அச்சிலும் எவ்வளவு எடை என்பதை விற்பனையாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு எடை மேடையே போதும். முதலில் முழு வண்டியையும் ஏற்றி எடை போடுங்கள். அடுத்து முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி எடை எடுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பின் அச்சின் எடை. மேடைக்கு வெளியே உள்ள தரை மேடையோடு சமமாக இருக்க வேண்டும்; சரிவாக இருந்தால் கணக்கு தப்பும்.

கணக்கின் அடிப்படை: இரண்டு பேர் தூக்கும் மூட்டை

ஒரு கம்பில் மூட்டையைத் தொங்கவிட்டு, முன்னே ஒருவர், பின்னே ஒருவர் தூக்கிப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை நடுவில் இருந்தால் இருவருக்கும் சமபாரம். பின்னால் நகர்ந்தால் பின்னவர் தோளில் பாரம் கூடும். லாரியும் அப்படித்தான். இரண்டு அச்சுகள்தான் அந்த இரண்டு பேர்.

சூத்திரம் இவ்வளவுதான்:

முன் அச்சுக்குப் போகும் பாரம் = பாரத்தின் எடை × பின் அச்சிலிருந்து பாரத்தின் மையம் முன்னால் உள்ள தூரம் ÷ வீல்பேஸ்

மீதி முழுவதும் பின் அச்சுக்குப் போகும். சமமாகப் பரப்பிய லோடுக்கு, பாடி நீளத்தின் பாதிதான் மையம்.

ஒரே லாரி, இரண்டு பாடி

ஓர் உதாரண லாரியை எடுத்துக்கொள்வோம். வீல்பேஸ் 5 மீட்டர். அனுமதித்த மொத்த எடை 18.5 டன். கேபினோடு சேர்ந்த சேசிஸின் எடையில் முன் அச்சில் 3.2 டன், பின் அச்சில் 2 டன். கட்டப்போகும் பாடி 1.5 டன். ஏற்றப்போகும் சரக்கு 11 டன். ஆக, பாடியும் சரக்கும் சேர்ந்து 12.5 டன், மொத்தம் 17.7 டன். 18.5-க்குள் இருப்பதால் இதுவரை தப்பில்லை. பாடி, முன் அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொடங்குகிறது. அதாவது பின் அச்சுக்கு 4.5 மீட்டர் முன்னால்.

முதல் வாய்ப்பு: 6 மீட்டர் பாடி, ஏறக்குறைய 20 அடி.
பாடியின் மையம் தொடக்கத்திலிருந்து 3 மீட்டரில் வரும். பின் அச்சிலிருந்து பார்த்தால் 4.5 − 3 = 1.5 மீட்டர் முன்னால்.
முன் அச்சுக்குக் கூடும் எடை: 12.5 × 1.5 ÷ 5 = 3.75 டன்.
முன் அச்சு மொத்தம்: 3.2 + 3.75 = 6.95 டன். வரம்பு 7. சரி.
பின் அச்சு: 17.7 − 6.95 = 10.75 டன். வரம்பு 11.5. சரி.

இரண்டாவது வாய்ப்பு: 7.5 மீட்டர் பாடி, ஏறக்குறைய இருபத்து நாலரை அடி.
மையம் பின் அச்சிலிருந்து 4.5 − 3.75 = 0.75 மீட்டர் முன்னால்.
முன் அச்சுக்குக் கூடும் எடை: 12.5 × 0.75 ÷ 5 = 1.875 டன்.
முன் அச்சு மொத்தம்: 5.075 டன்.
பின் அச்சு: 12.625 டன். வரம்பைவிட 1.125 டன் அதிகம்!

கவனித்தீர்களா? சரக்கு அதே 11 டன்தான், மொத்த எடையும் அதே 17.7 டன்தான். பாடி நீண்டதால் மட்டும் பின் அச்சு வரம்பைத் தாண்டிவிட்டது. நீளமான பாடியே கூடுதல் எடை பிடிக்கும் என்பதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். பின் டயர் சீக்கிரம் தேய்வதும் பட்டை உடைவதும் எதனால் என்று பிறகு தேட வேண்டாம். முன் அச்சில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங் பிடிமானமும் முன் பிரேக்கின் பிடிப்பும் குறையும். மழையில் திரும்பும்போது அது தெரியும்.

அளவுக்கும் வரம்பு உண்டு

மத்திய மோட்டார் வாகன விதி 93 வண்டியின் அளவுகளைச் சொல்கிறது. அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. இரண்டு அச்சு லாரியின் மொத்த நீளம் 12 மீட்டர் வரை. பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, பட்டறையில் ஓவர்ஹேங் என்பார்களே, அது வீல்பேஸில் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

நம் உதாரணத்தில் 5 மீட்டரில் 60 சதவீதம் 3 மீட்டர். 7.5 மீட்டர் பாடி, பின் அச்சுக்குப் பின்னால் சரியாக 3 மீட்டர் நீளும். ஓவர்ஹேங் விதிப்படி பாஸ், அகலம் பாஸ், மொத்த எடையும் பாஸ். ஆனாலும் அச்சு எடையில் தோல்வி. "ரூல் பிரகாரம்தாங்ணா கட்டியிருக்கோம்" என்று பட்டறையில் சொன்னால் அது பொய்யாக இருக்காது. ஆனால் பாதி உண்மை மட்டுமே. அச்சுக் கணக்கையும் கேளுங்கள்.

ஒரே கனமான பொருள் என்றால்

அரிசி மூட்டை மாதிரி பரப்பி வைக்க முடியாத இயந்திரம், இரும்புச் சுருள் போன்றவற்றுக்கு எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். அதே லாரி, 6 மீட்டர் பாடி. 9 டன் இயந்திரம் ஒன்றை, "முன்னாடி சாய்ச்சு வெச்சா ஆடாது" என்று கேபினை ஒட்டி வைக்கிறார்கள். அதன் மையம் பின் அச்சிலிருந்து 3.5 மீட்டர் முன்னால் இருந்தால், 9 × 3.5 ÷ 5 = 6.3 டன் முன் அச்சுக்குப் போகும். சேசிஸும் பாடியும் சேர்ந்து அங்கே ஏற்கெனவே 3.65 டன் இருப்பதால், மொத்தம் 9.95 டன். வரம்பைவிட ஏறக்குறைய 3 டன் அதிகம். இத்தனைக்கும் வண்டியின் மொத்த எடை 15.7 டன்தான்.

இயந்திரத்தின் மையம் பாடியின் முன்பக்கத்திலிருந்து 2.7 மீட்டருக்கும் 4 மீட்டருக்கும் இடையில் வரும்படி வைத்தால் இரண்டு அச்சுமே வரம்புக்குள் நிற்கும். பிறகு நன்றாகக் கட்டுங்கள். ஆடாமல் இருக்கக் கட்டுதான் வேண்டும், இடமாற்றம் அல்ல.

வீடு கட்டுபவர்களும் கவனிக்க

லாரி இல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மணலை நாம் யூனிட் கணக்கில்தான் வாங்குகிறோம். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். உலர்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1.6 டன் என்று வைத்தால், ஒரு யூனிட் ஏறக்குறைய 4.5 டன். ஈர மணல் இன்னும் கனம்.

நம் உதாரண லாரியின் காலி எடை 6.7 டன், ஏற்றக்கூடியது 11.8 டன் மட்டுமே. இரண்டரை யூனிட்டைத் தாண்டினாலே எல்லையைத் தொட்டுவிடும். 3 யூனிட் என்றால் மணல் மட்டும் 13.6 டன், மொத்தம் 20.3 டன். "எல்லாரும் இப்படித்தானே ஏத்துறாங்க" என்ற பேச்சு எடை மேடையில் எடுபடாது. 6 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலப் பாடியில் 11 டன் உலர் மணலைச் சமமாகப் பரப்பினால் உயரம் அரை மீட்டர்தான் வரும். பாதிகூட நிறையவில்லையே என்று தோன்றும். கண்ணை நம்பாதீர்கள், எடைச் சீட்டை நம்புங்கள்.

நம் தெருச் சாலைக்கும் இதில் பங்கு உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டி நடத்திய பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் ஒரு விதியை எடுத்தார்கள்: சாலைக்கு ஏற்படும் சேதம், அச்சு எடையின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும். ஓர் அச்சில் 20 சதவீதம் எடை கூடினால் சேதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மீறினால் என்ன ஆகும்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு:

- அதிக பாரம் (பிரிவு 194): 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மேல்மிச்சச் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையதே. இறக்கும் வரை வண்டி நகராது.
- பக்கவாட்டிலோ முன்னே பின்னேயோ அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டினால்: 20,000 ரூபாய்.
- எடை போட மறுத்தாலோ, நிறுத்தாமல் போனாலோ: 40,000 ரூபாய்.
- பதிவுக்குப் பின் அனுமதியின்றி வண்டியை மாற்றி அமைத்தால் (பிரிவு 182-ஏ): ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே, "பதிவு முடியட்டும், அப்புறம் ரெண்டு அடி நீட்டிக்கலாம்" என்ற யோசனைக்குத் தலையாட்டாதீர்கள்.

பட்டறையில் முன்பணம் கொடுக்கும் முன்

1. வீல்பேஸ், சேசிஸின் அச்சு எடைகள், அனுமதித்த மொத்த எடை ஆகியவற்றைப் போனில் குறித்து வையுங்கள்.
2. பாடியின் நீளம், அகலம், உயரம், உத்தேச எடை ஆகியவற்றை வரைபடத்தோடு எழுதிக் கேளுங்கள்.
3. நீங்கள் வழக்கமாக ஏற்றும் சரக்கை வைத்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். எந்த அச்சாவது தாண்டினால் நீளத்தைக் குறையுங்கள், அல்லது அதிக வீல்பேஸ் உள்ள சேசிஸைத் தேர்ந்தெடுங்கள்.
4. பாடி கட்டியவர் தர வேண்டிய படிவம் 22-ஏ சான்றைக் கேட்டு வாங்குங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுக்கு அது தேவை.
5. வேலை முடிந்ததும் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி, அச்சு வாரியாக எடை எடுங்கள். சீட்டைப் படம் பிடித்துச் சேமியுங்கள். சொன்ன எடையைவிட பாடி 300 கிலோ கூடியிருந்தால், ஒவ்வொரு நடையிலும் 300 கிலோ சரக்கு குறைவாகத்தான் ஏற்ற முடியும்.

அடுத்த முறை மேஸ்திரி "எத்தனை அடி போடட்டும்?" என்று கேட்டால், அடியை அப்புறம் சொல்லுங்கள். "பின் ஆக்சில்ல எவ்வளவு வரும்னு முதல்ல பாத்துக்கலாம்ங்க" என்று போனை எடுங்கள்.