ஒளியிழை ஒட்டும் ஒளியிழப்பும்

கண்ணாடி இழையினூடே ஒளியைச் செலுத்தி நெடுந்தூரம் செய்தி அனுப்பலாகும் என்பதை 1966 இல் சார்ள்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்கமும் எடுத்துக்காட்டினர். அக்கண்ணாடி எத்துணைத் தூயதாதல் வேண்டும் என்பதே அன்றைய வினா. அது தீர்ந்தது. இன்றைய இழையில் 1550 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளி கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல்லே இழக்கின்றது. எனினும் இழை முடிவின்றி நீள்வதன்று. துண்டோடு துண்டை ஒட்டியே ஆகவேண்டும். அவ்வொட்டில் நேரும் இழப்பையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இழையின் வெளிவிட்டம் 125 மைக்கிரோன். ஒற்றைமுறை இழையிலே ஒளி செல்வதோ நடுவிலுள்ள சிறு வட்டத்தில் மட்டுமே. அதன் விட்டத்தை 10.4 மைக்கிரோன் எனக் கொள்வோம். இரு இழைகளின் மையங்கள் விலகி நிற்பின் இழப்பு யாது? விலகலை ஒளிவட்டத்தின் ஆரையால் வகுத்து, வர்க்கித்து, 4.34 ஆற் பெருக்குக. 1 மைக்கிரோன் விலகலுக்கு 0.16 டெசிபெல் வரும். 2 மைக்கிரோனுக்கு இருமடங்கென்று எண்ணுவார் உளர். நான்கு மடங்காகும், அஃதாவது 0.64. 3 கிலோமீற்றர் இழை விழுங்கும் ஒளியை இவ்வொட்டொன்றே விழுங்கிவிடுகின்றது! மின்வில்லால் உருக்கி ஒட்டும் நல்ல பொறியோ இழப்பை 0.05 க்குள் அடக்கவல்லது. முனை சாய்தலும் தூசி படிதலும் தீங்கே; துப்புரவும் செவ்விய வெட்டும் அவற்றைத் தீர்க்கும்.

மையம் பொருந்தியும் இழைகள் வேறுவகையினவாயின் என்னாகும்? 10.4 மைக்கிரோன் வட்டமுடையதை 9.5 உடையதோடு ஒட்டினால் மெய்யிழப்பு 0.04 அளவினதே. ஆனால் அளக்கும்போதுதான் மயக்கம் பிறக்கின்றது. ஓ.டி.டி.ஆர். என்னும் கருவி, இழையினுட் சிதறி மீளும் ஒளியை அளப்பது. சிறுவட்ட இழை அவ்வொளியை மிகுதியாகத் திருப்புமாதலால், பெரியதிலிருந்து சிறியதை நோக்கி அளப்பின் ஒட்டிலே ஒளி 0.36 டெசிபெல் பெருகியதாகத் திரை காட்டும். விளக்கில்லா இடத்தில் ஒளி பிறக்குமோ? மறுமுனையிலிருந்து அளப்பின் 0.43 இழப்பெனக் காட்டும். இரண்டையுங் கூட்டிப் பாதியாக்கினாலே மெய் தெரியும்.

இழப்புக் காட்டிய முனையில் மட்டும் நின்றவர் நல்லொட்டை முறித்து மீள ஒட்டுவார். மீண்டும் அதே எண் வரும். ஒட்டுப்பெட்டியிற் சுற்றிவைத்த மிச்ச இழையோ குறைந்துகொண்டே போகும். மற்றை முனையில் மட்டும் அளந்தவர் செய்வது இதனினும் கேடு. மெய்யாகவே பழுதான ஒட்டு அப்பொய்ப்பெருக்கத்தின் பின் மறைந்து தேறிவிடும். மறுமுனை பல கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால் ஆங்குச் செல்ல மனம் வருவதில்லை என்பதையும் நாம் அறிவோம்.

மாணவர்க்கு ஒரு கணக்கு: ஒரு முனையிலிருந்து 0.10 டெசிபெல் பெருக்கமும் மறுமுனையிலிருந்து 0.70 இழப்பும் காட்டும் ஒட்டின் மெய்யிழப்பு யாது? அதனை வெட்டுவதா விடுவதா என்பதையும் அவர்களே துணிக.