வகுப்பில் அவன் ஒருத்தன்தான்

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கும் முதல் கேள்வி என்ன? "உன் பேர் என்னப்பா?" நமக்கு அது ஒரு கேள்வியே இல்லை. திக்கிப் பேசும் ஒருவருக்கு அன்றைக்கு வரும் கேள்விகளிலேயே கஷ்டமானது அதுதான். 'தண்ணீர்' என்ற சொல் வாயில் வரவில்லை என்றால் 'வாட்டர்' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாதே!

இந்த இதழில் கோடிங், கேட், பிளேஸ்மென்ட் என்று நிறைய படித்திருப்பீர்கள். இந்த முறை கொஞ்சம் வேறு பாடம். நம்ம தெருவில், நம்ம வீட்டில் திக்கிப் பேசும் ஒரு குழந்தை இருந்தால், அந்தக் குழந்தைக்கும் அதன் அப்பா அம்மாவுக்கும் நம்மால் என்ன செய்ய முடியும்?

முதலில் கொஞ்சம் அடிப்படை. திக்குதல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் ஆரம்பிக்கிறது. சில குழந்தைகள் முதல் எழுத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும் ("அ-அ-அ-அம்மா"). சில குழந்தைகள் ஒலியை இழுக்கும் ("ம்ம்ம்மாமா"). இன்னும் சிலருக்கு வாய் திறந்திருக்கும், சத்தமே வராது. தோராயமாக நூற்றுக்கு ஐந்து குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும். மீதி இருப்பவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 சதவீதம். பெரியவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற கணக்கில் வருகிறது.

காரணம் என்ன என்று கேட்டால் நம்ம ஊரில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். யாரையோ கிண்டல் பண்ணிப் பேசினான், அதான் ஒட்டிக்கிச்சு என்பார்கள். எல்.கே.ஜி.யில் இங்கிலீஷ் மீடியம் போட்டதால் குழம்பிவிட்டது என்பார்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பது, வாயில் கூழாங்கல் போட்டுப் பேச வைப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. திக்குதல் பரம்பரையாக வரக்கூடியது. மூளையில் பேச்சை ஒருங்கிணைக்கும் பாதைகள் வேலை செய்யும் விதத்தோடு தொடர்புடையது. பாகிஸ்தானில் ஒரு பெரிய குடும்பத்தில் தொடங்கிய ஆராய்ச்சி, 2010-ல் இதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தது. இரண்டு மொழி பேசுவதால் திக்காது. வளர்ப்பு சரியில்லாததாலும் வராது. இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னாலே பல அம்மாக்களின் நெஞ்சில் இருக்கும் பாரம் பாதி இறங்கும். ஏனென்றால் சொந்தக்காரர்கள் எல்லாரும் விரல் நீட்டுவது அவர்கள் பக்கம்தான்.

இப்போது ஒரு சின்ன கணக்கு. கால்குலேட்டரை எடுங்க. 40 பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பையன் திக்குகிறான். மற்ற 39 பேரில் ஒருவர்கூட திக்காமல் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 0.99-ஐ 39 தடவை பெருக்கினால் சுமார் 0.68 வரும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில், அந்த வகுப்பில் அவன் ஒருத்தன்தான். பெண் குழந்தை என்றால் தன்னைப் போல இன்னொரு பெண்ணைப் பார்ப்பது இன்னும் அபூர்வம். அதனால்தான் "உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இப்படி" என்று ஒரு எட்டு வயசுக் குழந்தை நினைக்கிறது. ஒரு மாவட்டம் முழுக்க எண்ணிப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல்.

தனியாக இருப்பதில் அப்படி என்ன ஆபத்து? அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் 1939-ல் ஒரு சோதனை நடந்தது. ஓர் அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம் "நீ திக்குகிறாய், சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் திக்குபவர்களாக மாறவில்லை. பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள், வாயைத் திறக்கவே கூச்சப்பட்டார்கள். அயோவா பல்கலைக்கழகம் இதற்காக 2001-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. படிக்கும்போதே கோபம் வருகிறது, இல்லையா? ஆனால் "மெதுவா பேசு", "மூச்சை இழுத்து விட்டுட்டு சொல்லு", "விருந்தாளி முன்னாடி பேசாதே" என்று நம் வீடுகளில் அன்போடு சொல்வதும் குழந்தையின் காதில் அதே பாட்டாகத்தான் விழுகிறது.

ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் திக்குதலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் கேட்கும் திக்கல் மேலே தெரியும் சின்ன நுனி. பயமும் வெட்கமும் ஒளிந்துகொள்வதும் தண்ணீருக்கு அடியில். பேச்சுப் பயிற்சி நுனியில் நன்றாக வேலை செய்யும். அடியில் இருப்பது கரைய மனிதர்கள் வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டு சிலர் கூட்டம் சேர்த்தார்கள். அமெரிக்காவில் 1977-ல் திக்குபவர்களே சேர்ந்து ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் தனியாக வேண்டும் என்று 1997-ல் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமைப்பு வந்தது. நியூயார்க்கில் 2001-ல் டாரோ அலெக்ஸாண்டர் என்ற நாடக நடிகர், தானும் திக்குபவர், 'சே' என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே குழந்தைகள் நாடகம் போடுகிறார்கள், கோடை முகாமுக்குப் போகிறார்கள். ஒரு வசனத்துக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் அவ்வளவு நேரமும் அந்தக் குழந்தைக்குச் சொந்தம். இந்தியாவில் 2008-ல் தொடங்கிய 'தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்', சுருக்கமாக டிசா, பல நகரங்களில் சுய உதவிக் குழுக்களை வளர்த்தது. அதைத் தொடங்கியவரும் திக்கிப் பேசும் ஒரு டாக்டர்தான்.

இந்தக் கூட்டங்களில் என்ன நடக்கிறது? பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஓர் அம்மா இன்னோர் அம்மாவிடம் "உங்க பொண்ணும் ஸ்கூல் போகமாட்டேன்னு அழுவாளா?" என்று கேட்கிறார். ஒரு பையன், திக்கிக்கொண்டே வேலை பார்க்கிற, கல்யாணமாகி பிள்ளை குட்டியோடு இருக்கிற ஒரு அண்ணனைப் பார்க்கிறான். அந்த அண்ணனைப் பார்ப்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி. "எல்லாம் சரியாயிடும் தம்பி" என்று நாம் நூறு தடவை சொன்னாலும் அவர் ஒருவர் வந்து உட்கார்வதற்கு ஈடாகாது.

நம்ம காலேஜில் இதை ஆரம்பிக்க முடியுமா? 3000 பேர் படிக்கிற கேம்பஸில் கணக்குப்படி 30 பேர் திக்குபவர்கள் இருக்கலாம். ஜி.டி.யில் வாயே திறக்காத சீனியர், அட்டெண்டன்ஸில் கையை மட்டும் தூக்குகிற பையன் இவர்களில் யாராவதாக இருக்கலாம். நாமாக யாரையும் அடையாளம் காட்டக் கூடாது. அறிவிப்பு போட்டுவிட்டு, வருபவர்கள் வரட்டும் என்று இருக்க வேண்டும். என்.எஸ்.எஸ். மூலமாகப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் சொன்னால் இரண்டு மூன்று குடும்பங்கள் கிடைக்கும். ஆரம்பத்துக்கு அது போதும். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு வகுப்பறை, டீ, பிஸ்கட். கேரம் போர்டு இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைகள் விளையாட்டில்தான் பேச ஆரம்பிப்பார்கள்.

விதிகள் கொஞ்சம்தான். யாரும் யாருடைய சொல்லையும் முடித்துக் கொடுக்கக் கூடாது. கண்ணைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். நீங்கள் நிதானமாகப் பேசுங்க, குழந்தையை நிதானமாகப் பேசச் சொல்லாதீங்க. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கவே கூடாது. பாட்டு வேண்டுமானால் பாடலாம். திக்குபவர்கள் பெரும்பாலும் பாடும்போதும், கூட்டமாகச் சேர்ந்து வாசிக்கும்போதும் திக்குவதில்லை. ஆனால் "பாடும்போது வருதுல்ல, பேசும்போது ஏன் வரல?" என்று கேட்டுவிடாதீர்கள். அது வேறு வேலை, இது வேறு வேலை.

ஒரு எச்சரிக்கை. நாம் தெரபிஸ்ட் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் திக்கல் தொடர்ந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, குழந்தை பேசும்போது கண்ணை இறுக்கி மூடி முகத்தைச் சுளித்துப் போராடினாலோ, பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்ப வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் போய் விசாரிக்கலாம். மைசூரில் 1965 முதல் இதற்கென்றே அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. "30 நாளில் திக்குவாய் குணம், கேரண்டி" என்று போஸ்டர் பார்த்தால் அந்தக் குடும்பத்திடம் பணத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்க.

அக்டோபர் 22 உலகத் திக்குதல் விழிப்புணர்வு நாள். 1998 முதல் கடைப்பிடிக்கிறார்கள். முதல் கூட்டத்தை அன்றைக்கு வைத்தால் ஹால் கேட்டு எழுதும் கடிதத்தில் காரணம் சொல்லவும் சுலபம். கடிதத்தை இரண்டு வாரம் முன்னாடியே கொடுத்துடுங்க, மைக் வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்க.