தாராவுக்கு ஒன்றுமில்லையே! பறவைக் காய்ச்சல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பறவைக் காய்ச்சல் என்று செய்தியில் அடிபட்டதும் எங்கள் வீடுகளில் முதலில் நிற்பது கோழிக்கறி. காடை வாங்குகிறவர்களும் அந்தக் கிழமை கையை இழுத்துக்கொள்வார்கள். ஆனால் மொன்ட்ரியால்-நோரின் ஆற்றங்கரைப் பூங்காக்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தாராக்களுக்குப் பாண் போடுவதை ஒருவரும் விடுவதில்லை. பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்துவிட்டு, கவனம் வேண்டிய இடத்தில் கவலையின்றி நிற்கிறோம்.

"அந்தத் தாராக்கள் நல்லாத்தானே நீந்துதுகள்?" என்று கேட்பார்கள். மற்றப் பிழைகள் எல்லாம் பிறப்பது இந்த எண்ணத்திலிருந்துதான். ரிவியேர் டே ப்ரேரி ஆற்றில் நாம் பார்க்கும் பச்சைத் தலைத் தாராவின் உடலில் பறவைக் காய்ச்சலைத் தரும் எச்5என்1 கிருமி பெருகலாம், எச்சத்தோடு நாள்கணக்கில் வெளியேறலாம். பறவையோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமல் நீந்திக்கொண்டிருக்கும். அதே கிருமி கோழி, வான்கோழி, காடை, ஃபெசன்ட் போன்றவற்றுக்குள் போனால் சில நாட்களில் கூடே காலியாகிவிடும். அது இப்படிக் கொல்வது எப்படி? கிருமியின் மேற்பரப்பிலுள்ள புரதம் ஒன்றை உடலின் நொதி வெட்டிக் கொடுத்தால்தான் அது உயிரணுவைத் தொற்ற முடியும். சாதுவான வகைகளுக்கு ஏற்ற நொதி குடலிலும் சுவாசப் பாதையிலும் மட்டுமே கிடைக்கிறது. கொடிய வகையின் புரதத்தை உடலெங்கும் உள்ள நொதிகள் வெட்டிவிடுகின்றன. ஆகவே அது மூளை, இதயம், ஈரல் என்று எங்கும் பரவுகிறது. கழுத்து முறுக்கி, நடை தடுமாறிச் சாகும் பறவைக்கு நடந்தது இதுதான். காட்டு நீர்ப்பறவைகள் எல்லாமே தப்பிவிடுவதும் இல்லை; இப்போது சுற்றும் வகை காட்டு வாத்துகளையும் கொல்கிறது. 2022 ஏப்ரலில் கியூபெக்கில் அது முதன்முதலில் உறுதியானதே இறந்து கிடந்த காட்டு வாத்துகளில்தான். அதே மாதம் ஈஸ்டர்ன் டவுன்ஷிப்ஸ் பகுதியின் பெயர்பெற்ற தாராப் பண்ணைகளுக்குள்ளும் நோய் புகுந்து, ஏறக்குறைய 1,50,000 தாராக்கள் அழிக்கப்பட்டன.

வேட்டைப் பறவைகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆபத்து என்பதும் சரியல்ல. பறவை எங்கே மேய்கிறது, எத்தனை பறவைகளோடு கூடி மேய்கிறது என்று பார்க்க வேண்டும். கியூபெக் வேட்டைக்காரர்கள் தேடிப்போகும் காட்டுக் கௌதாரி நீர்நிலையை விட்டு விலகி, மரங்களுக்கிடையே தனியாகத் திரிவது. அதற்குக் கிருமியைச் சந்திக்கும் வாய்ப்புக் குறைவு. பனி வாத்து அப்படியல்ல. வசந்தத்தில் சென் லோரன்ஸ் பள்ளத்தாக்கில், பே-டு-ஃபெவ்ர் போன்ற இடங்களில், பல்லாயிரக்கணக்கில் ஒரே நீரில் இறங்குகிறது. அந்த நீரில் ஒரு பறவை எச்சமிட்டால் எல்லாமே குடிக்கின்றன. வேட்டைக்கு விடுவதற்கென்று கூட்டில் நெருக்கமாக வளர்க்கப்படும் ஃபெசன்ட்டின் நிலை இன்னும் மோசம்.

"இந்தக் குளிருக்குக் கிருமி தங்குமோ?" தங்கும், நன்றாகவே தங்கும். வெப்பம், வெயில், உலர்ச்சி, சவர்க்காரம் ஆகியவைதான் இதன் எதிரிகள். குளிர்ந்த நீரில் அது வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் பிழைக்கும். உறைபனிப் பெட்டியில் வைத்த காட்டு வாத்தின் இறைச்சியிலும் அப்படித்தான். உறைய வைப்பது கிருமியைக் கொல்லாது, பாதுகாத்துத் தரும்.

"எல்லாம் காட்டுப் பறவைகளின் வேலை" என்பது பாதி உண்மை. இந்தக் கொடிய பரம்பரை 1996 இல் சீனாவின் குவாங்டொங்கில் பண்ணை வாத்துகளில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு ஹொங்கொங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். 2005 இல் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. திருநெல்வேலியின் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் அதே இனம். இப்படி மனிதர் வளர்த்த பறவைகளிலிருந்து கிருமி காட்டுப் பறவைகளுக்குப் போய், அவற்றோடு அத்திலாந்திக்கைக் கடந்து 2021 இறுதியில் நியூஃபவுண்ட்லாந்தில் வந்து இறங்கியது. கடலைத் தாண்டுவது சிறகுகளால்தான். ஆனால் குளத்திலிருந்து பண்ணைக்குள் அதை எடுத்துப்போவது பெரும்பாலும் சேறு ஒட்டிய சப்பாத்தும் லொறிச் சக்கரமும் கழுவாத கூடைகளும்.

இனிக் கறிச்சட்டி. மஞ்சளும் மிளகும் கிருமியைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம், கொல்வது சூடு. இறைச்சியின் தடித்த பகுதியின் உள்ளே 74 பாகை செல்சியஸ் எட்டினால் போதும், நாம் கொதிக்க வைக்கும் கறி அதைத் தாண்டிவிடும். சமைக்கும் முன்தான் கவனம் வேண்டும். வேலைத்தலத்து நண்பர் வேட்டையாடிய வாத்தைக் கொண்டுவந்து தந்தால், இறகு பிடுங்குவதையும் குடல் எடுப்பதையும் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள், முகத்தைத் தொடாதீர்கள், கத்தியையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழிவைப் பூனைக்கோ நாய்க்கோ போடவே வேண்டாம். ஒன்ராறியோவின் ஓஷவாவில் காட்டு வாத்தின் சடலத்தைக் கடித்த வளர்ப்பு நாய் ஒன்று 2023 இல் இந்தத் தொற்றால் இறந்தது.

"மனிதருக்கு வராது" என்றும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று எச்5என்1 தொற்றி உயிராபத்தான நிலைக்குப் போய் மீண்டது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொடர்ந்து பரவவில்லை, அது ஆறுதல். ஆனாலும் பாண் போடுவதை விட்டுவிடுங்கள். பாண் துண்டுக்காகப் பறவைகள் ஓரிடத்தில் நெருக்கியடித்து, ஒன்றின் எச்சத்தில் மற்றது மிதித்து மேய்கின்றன. எங்கள் பிள்ளைகளும் அதே ஈரக் கரையில் கைவைத்து விளையாடுகிறார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் அவர்களின் கைகளைக் கழுவுங்கள், சப்பாத்தை வாசலிலேயே கழற்றுங்கள். கரையில் பறவை இறந்து கிடந்தால் தொடாமல், நாயையும் நெருங்க விடாமல் 311 க்குச் சொல்லுங்கள். காகமானாலும் கழுகானாலும் சொல்லுங்கள். செத்த தாராவைக் கொத்தித் தின்ற பறவைகளும் இந்தக் கிருமியால் சாகின்றன.